அவள் யாரென்று அப்போது சொல்லவில்லை

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடிக்கொண்டு கல்கத்தாவில் பவானிப்பூருக்கு வந்தார்கள். டாலிகஞ்சில் இப்போது தமிழ்ப் பேசும்படம் எடுக்கிறார்களே, அதற்குக் கதை எழுத மதராஸிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். அவர்களுடைய கதையில் ஒரு சந்நியாசி வருகிறார். உண்மையில் அவர் கதாநாயகியின் தகப்பனார். அதை முதலிலேயே சொல்லிவிடுவதா, நடுவில் சொல்வதா, கடைசிவரை மூடி வைப்பதா என்று தகராறு. முதலாளி ஒன்று சொல்கிறாராம், டைரக்டர் வேறொன்று சொல்கிறாராம். ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன கிழவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று யாரோ என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கிழவர் என்பது அவர்கள் சொன்ன வார்த்தை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்துத் தீக்குச்சியை உரசினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் பயந்துபோய்க் குச்சியை ஊதி அணைத்தார். என் வீட்டில் தீக்குச்சி அடுப்பங்கரையோடு சரி, கூடத்துக்கு வரக் கூடாது. இதற்காக என் மாப்பிள்ளை என்னைக் கேலி செய்வதுண்டு, செய்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கும் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் திரை எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் கதவு எங்கே என்று பார்ப்பேன். அது உள்பக்கம் திறக்கிற கதவா, வெளிப்பக்கம் திறக்கிற கதவா என்று தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அந்த இளைஞர்கள் கேட்ட கேள்விக்கும் என்னுடைய இந்தப் பயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவர்களிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். கல்கத்தாவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை இருக்கிறது என்று ஒன்றுவிட்ட சித்தப்பா எழுதினார். நான் வந்து சேர்ந்தபோது கம்பெனியையே மூடியிருந்தார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு பயாஸ்கோப் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். பழைய சணல் கிடங்கைக் கொட்டகையாக மாற்றியிருந்தார்கள். நம்மவர்கள் அப்போதே இந்த ஊரில் கணிசமாக இருந்தார்கள். பாங்கு, ரயில்வே, துறைமுகம், வெள்ளைக்காரக் கம்பெனிகள் என்று எங்கே பார்த்தாலும் மதராஸி குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்காகத் தனி ஆட்டம் போட்டால் கூட்டம் வரும் என்று முதலாளி கணக்குப் போட்டார். படத்தில் வருகிற எழுத்து அட்டைகளெல்லாம் இங்கிலீஷ். குமாஸ்தாக்களுக்குப் புரியும், வீட்டுப் பெண்களுக்குப் புரியாது. யாராவது நின்று தமிழில் சொல்ல வேண்டும். கொட்டகையில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மாட்டிக்கொண்டேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே இருட்டு என்றால் பயம். இருட்டில் நின்று, கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைப் பார்த்துப் பேசு என்றால் எப்படி இருக்கும்? முதல் ஞாயிறு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதாநாயகனுக்கும் அவன் தம்பிக்கும் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். அண்ணன் பெண்டாட்டியைத் தம்பி கட்டிக்கொண்டதாகக் கதை போய், பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்புக் கேட்டது.

என் மேலதிகாரி நிவாரண் பாபு. கொட்டகையின் மானேஜரும் அவர்தான், மற்ற நாட்களில் வங்காளியில் கதை சொல்கிறவரும் அவர்தான். மெலிந்த உடம்பு. வைகாசி வெயிலிலும் தொண்டையைச் சுற்றி ஒரு கம்பளி மப்ளர் இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கையில் ஒரு மூங்கில் குச்சி வைத்திருப்பார். திரையில் ஆளைக் காட்டுவதற்காக ஏற்பட்ட குச்சி. பெரும்பாலும் அது என் முழங்கால் எலும்பில்தான் விழும். வலிக்காது, அவமானமாக இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் வெறும் கொட்டகையில் படத்தை எனக்காக ஒரு தடவை ஓட்டுவார்கள். முடிந்ததும் பாபு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கதையைச் சொல்லச் சொல்வார். அதிலே ஒரு நிபந்தனை. முதல் தடவை எல்லா ரகசியத்தையும் உடைத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை எதையும் உடைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே, இந்த இடத்தில் நீ எதையோ விழுங்குகிறாய், கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்பார். பிறகு ரகசியத்தை எங்கே சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்போம். தீர்மானம் என்றால் அவர் சொல்வார், நான் தலையாட்டுவேன்.

ஒரு படத்தில் ஊர் எல்லையில் ஒரு பிச்சைக்காரன் உட்கார்ந்திருப்பான். காணாமல் போன ராஜகுமாரன் அவன்தான். ஜனங்களுக்குப் புரியாமல் போய்விடுமே என்ற பயத்தில் அவன் தலை தெரிந்தவுடனேயே நான் அதைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், கொட்டகை முழுவதும் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். தபால்காரனைப் போல வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாயே என்றார் பாபு. அடுத்த மாதம் இன்னொரு படம். அதில் ஊருக்கே நல்லவரான டாக்டர்தான் விஷம் கொடுக்கிறவர். போன தடவை பட்ட அடியில் நான் கடைசி ரீல் வரை மூச்சு விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் துறைமுக ஆபீஸ் ஹெட்கிளார்க் கிட்டு ஐயர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆகிருதியான மனிதர், எப்போதும் முன்வரிசை.

"முன்னாடியே ஒரு கோடி காட்டப்படாதோ? அந்தக் கடங்காரனுக்காக நான் கண்ணாலே ஜலம் விட்டுண்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

சீக்கிரம் சொன்னாலும் வசவு, தாமதித்தாலும் வசவு. அப்படியானால் எப்போதுதான் சொல்வது என்று பாபுவிடம் அழாக்குறையாகக் கேட்டேன். காலைப் பார் என்றார். எனக்கு விளங்கவில்லை. மறுநாள் ஆட்டத்தில் என்னைத் திரையோரம் உட்கார வைத்துக் காட்டினார். நம் ஜனங்கள் பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதில்லை. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுச் சம்மணம் கட்டிக்கொள்வார்கள். கதையில் பிடிப்பு ஏற ஏற ஒரு கால் இறங்கும், பிறகு மற்றது. பயம் முற்றினால் கால் தானாகச் செருப்பைத் தேடும். திரை வெளிச்சத்தில் முன்வரிசைக் கால்கள் நன்றாகத் தெரியும். ஒரு கால் இறங்கும்போது சொன்னால் சீக்கிரம். செருப்பைத் தேடும்போது கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அதையும் தாண்டினால் எழுந்து ஓடுவார்கள் என்றார் பாபு. ஓடுவார்கள் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. முன்பு வேலை பார்த்த கொட்டகையில் யாரோ வேடிக்கைக்கு 'நெருப்பு' என்று கத்தப் போய், ஜனங்கள் கதவில் நெரிபட்டதைப் பார்த்தவர் அவர். அதைப் பற்றி அதற்கு மேல் சொன்னதே இல்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

இதனாலேயே பேய்ப் படம் என்றால் அவருக்குத் தனிச் சட்டம். பேய் இல்லை, மனுஷிதான் என்பதை முதல் ரீலிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தில்தான் எங்கள் இருவருக்கும் மோதல் வந்தது. ஒரு படம் வந்தது. பெரிய ஜமீன் வீடு. ஜமீன்தாரின் மூத்த மனைவி ஆற்றில் விழுந்து இறந்துபோகிறாள். ஜமீன்தார் இரண்டாவது கல்யாணம் செய்துகொள்கிறார். அதன் பிறகு வெள்ளைப் புடவை கட்டிய ஒரு உருவம் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் நடமாடுகிறது. மூத்தவளின் குழந்தை தூங்குகிற அறை வாசலில் நிற்கிறது. காலையில் குழந்தையின் தலைமாட்டில் பூ இருக்கிறது. கடைசியில்தான் தெரியும், மூத்தவள் சாகவே இல்லை. கொழுந்தன் சொத்துக்காகத் தள்ளிவிட்டிருக்கிறான். பிழைத்து வந்தவள் குழந்தையைக் காப்பதற்காக அதே வீட்டு மச்சில் ஒளிந்திருக்கிறாள்.

இதை முதல் ரீலில் சொல் என்றார் பாபு. சொன்னால் படமே இல்லை என்றேன் நான். அதற்குள் கதை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது. அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஜனங்கள் அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, அவளுக்காகப் பயப்பட வேண்டுமா? அதைச் சொல்லு முதலில்."

வங்காளியில் அவர் கேட்டதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் கேட்ட கேள்விகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் அவள் எப்போது மாட்டிக்கொள்வாளோ என்று அவளுக்காகப் பயப்படுவோம். சொல்லாவிட்டால் அவளைப் பார்த்தே பயப்படுவோம். முதலில் அவளைப் பார்த்துப் பயப்படட்டும், கடைசி ரீலில் அவளுக்காகப் பயப்படட்டும், இரண்டும் வேண்டும் என்றேன். பேராசை என்றார். ஆனாலும் அந்த ஒரு தடவைக்கு விட்டுக்கொடுத்தார். கால்களை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது மட்டும் நிபந்தனை.

கொட்டகையின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். நீளமான கிடங்கு. ஒரு கோடியில் திரை, அங்கே வழி எதுவும் கிடையாது. மறுகோடியில் மரப்பலகையால் மாடி கட்டி, பெண்களுக்கு மூங்கில் சிக் போட்டு மறைத்திருந்தார்கள். அந்த மாடியின் மூலையிலேதான் மெஷின் இருக்கிற கேபின். பலகைச் சுவர், உள்ளே தகரம் அடித்தது. பெண்கள் இறங்குகிற படி கேபினை ஒட்டி வெளிப்புறமாக இறங்கும். ஆண்களின் கதவு மாடிக்கு நேர் கீழே. படியும் கதவும் ஒரே குறுகலான நடையில் வந்து முடியும். நடையைத் தாண்டினால்தான் முற்றம். அதனால் ஆட்டம் முடிந்ததும் பெண்கள் எல்லோரும் இறங்கி முற்றத்துக்குப் போகிற வரையில் ஆண்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் கொட்டகை வழக்கம். மரியாதை என்று பெயர், உண்மையில் இடநெருக்கடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி விசாலம் வந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவள் பார்த்ததே இல்லை. இருட்டில் கத்துகிற வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் படத்தைப் பற்றி நான் வீட்டில் பெருமையடித்துக்கொள்ளவே, குழந்தை ராஜத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ராஜத்துக்கு அப்போது நாலு வயது. இரண்டு பேரும் மாடியில் கேபின் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் நன்றாகப் போயிற்று. அந்த வெள்ளை உருவம் முதலில் வந்தபோது மாடியிலிருந்து 'ராம ராம' என்று குரல் கேட்டது. கிட்டு ஐயரின் ஒரு கால் இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் குஷி. கடைசி ரீலுக்கு முந்திய ரீல். அவள் குழந்தையின் அறைத் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். பின்னால் ஜமீன்தார் விளக்கோடு வருகிறார். அந்த இடத்தில் திரை இருண்டது.

பிலிம் அறுந்துபோவது சகஜம். அறுந்தால் உடனே விளக்கைப் போடுவார்கள். அன்றைக்கு விளக்கு வரவில்லை. விசிறியும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு அரிக்கன் லாந்தர் ஆடி ஆடி வந்தது. நிவாரண் பாபு என் அருகில் வந்து, லாந்தரைத் தரையில் வைக்கிறவர்போலக் குனிந்தார். கழுத்தில் மப்ளர் இல்லை. அந்தக் கழுத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கேபினில் நெருப்பு. ரஹீம் உள்ளே மல்லாடுகிறான். பெண்கள் இறங்குகிற வரைக்கும் ஆண்களை உட்கார வை. அவள் யாரென்று மட்டும் சொல்லிவிடாதே" என்றார்.

ரகசியத்தை முதல் ரீலிலேயே உடைக்கச் சொன்ன மனிதர்! சொல்லிவிட்டு, லாந்தரை அங்கேயே வைத்துவிட்டுப் பழையபடி மெதுவாக நடந்து போனார். போகிற வழியில் ஆண்களின் கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தார். பகல் வெளிச்சம் நீளமாக உள்ளே விழுந்தது.

அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்துக்குத் தங்கை. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காது. ரஹீம் எங்கள் ஆபரேட்டர், கெட்டிக்காரன். மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு, கேபின் ஜன்னலின் இரும்புத் தட்டியையும் மூடியிருக்கிறான். அதனால் நெருப்பு எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அவ்வளவு பெண்களும் அந்தக் கேபின் சுவரை ஒட்டித்தான் இறங்க வேண்டும். விசாலம் உட்பட, ராஜம் உட்பட. ஆண்கள் விஷயம் தெரிந்து கதவுக்குப் பாய்ந்தால் நடை அடைத்துக்கொள்ளும், படியில் இருக்கிறவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். எனக்கு அந்த நிமிஷத்தில் ஓடத்தான் தோன்றியது. திரைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வாய் மட்டும் பழக்கத்தில் பேச ஆரம்பித்தது. கரண்ட் போய்விட்டது, மாடியில் புழுக்கமாக இருக்கும், பெண்கள் நிதானமாக இறங்கி முற்றத்தில் காற்றாட இருக்கட்டும், ஆண்களுக்கு நான் மீதியை வாயாலேயே சொல்கிறேன் என்றேன். அப்படியானால் பெண்களுக்கு அந்த உருவம் யாரென்று தெரிய வேண்டாமா என்று ஒருவர் ஆட்சேபித்தார். அவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள், நமக்குத்தான் சொன்னால்தான் தெரியும் என்றேன். ஆண்கள் சிரித்தார்கள். மாடியில் நடமாட்டம் கேட்டது. சிரிப்பு இல்லை, பேச்சும் இல்லை.

கதவு வழியாக நடையின் ஒரு துண்டு எனக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் ஒவ்வொரு புடவையாகக் கடந்து போயிற்று. விசாலம் அன்றைக்கு மாந்துளிர் நிறத்தில் பதினெட்டு முழம் கட்டியிருந்தாள். அதைத் தேடிக்கொண்டே பேசினேன். படத்தில் ஒரே நொடியில் முடிந்துவிடுகிற காட்சியை நான் இழுத்தேன். ஜமீன்தாரின் விளக்கைக் காற்றில் அணைத்தேன். அவரைத் தாழ்வாரத்தில் தடவித் தடவி நடக்கவிட்டேன். அவர் 'யார் அங்கே' என்று கேட்டார், பதில் இல்லை. தாழ்ப்பாள் மெல்லத் திறந்தது. குழந்தை எழுந்துவிட்டதா என்று அந்த உருவம் நின்று கவனித்தது. படத்தில் இவை எதுவும் இல்லை.

கிட்டு ஐயரின் இரண்டாவது காலும் இறங்கியது. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏதோ தீயற வாசனை வரதே" என்றார்.

கொட்டகை முழுவதும் திரும்பியது. எனக்கும் அந்த நாற்றம் அடித்தது.

"வரும், வரும். அடுப்பிலே பாலை வெச்சுட்டுன்னா அவ தாழ்வாரத்துக்கு வந்திருக்கா. பொங்கித் தீயறது" என்றேன்.

கிட்டு ஐயர் உட்கார்ந்தார். பேய் பால் காய்ச்சுமா என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதானே என்றது இன்னொரு குரல். பாதி ரகசியம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்டுவது? குழந்தைக்குத்தான் அந்தப் பால் என்றேன். பேய்க்கு எதற்குக் குழந்தையின் பசியைப் பற்றிக் கவலை என்று நானே கேட்டேன். நடையில் புடவைகள் குறைந்துகொண்டு வந்தன. மாந்துளிர் நிறம் வரவில்லை. கரி படிந்து நிறம் தெரியாத புடவையில், தலையில் முக்காடு போட்ட ஒருத்தி குனிந்துகொண்டு போனாள். துணைக்கு வந்த வங்காளிப் பெண் என்று விட்டுவிட்டேன். அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

நடை காலியாக இருந்தது. நிவாரண் பாபு அங்கே வந்து நின்று என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எல்லோரும் இறங்கியாயிற்று என்று அதற்கு அர்த்தம். ஆனால் விசாலத்தை நான் பார்க்கவில்லை. அவள் மேலேயே இருந்தால்? புகையில் மயங்கியிருந்தால்? இன்னும் கொஞ்சம் கதையை வளர்த்தால் அவள் வந்துவிடக்கூடும். கீழே பார்த்தேன். முன்வரிசைக் கால்கள் எல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் பலகை வெடிக்கிற சத்தம். இதற்கு மேல் ஒரு வார்த்தை வளர்த்தால் தாங்காது.

என் வாழ்நாளில் அதைப்போல் நான் பயந்ததில்லை. பாபுவின் கையை நம்பிச் சொல்லிவிட்டேன். அவள் பேயில்லை, சாகாமல் பிழைத்து வந்த தாயார் என்று சொன்னேன். அதே மூச்சில், அதே குரலில், கேபினில் நெருப்புப் பிடித்திருக்கிறது, பெண்கள் எல்லோரும் பத்திரமாக வெளியே இருக்கிறார்கள், வழி காலியாக இருக்கிறது, பின் பெஞ்சிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும் என்றேன்.

கிட்டு ஐயர் எழுந்து, பெஞ்சுக்குப் பின்னால் போய் எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். முன்வரிசை அவரைத் தாண்டவில்லை. தங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆண்கள் தள்ளிக்கொள்ளவில்லை. சற்று வேகமாக நடந்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் அவரும் நானும் போனோம். கதவைத் தாண்டும்போது மேலிருந்து நெருப்புத் துணுக்குகள் விழுந்தன.

முற்றத்தில் விசாலம் ராஜத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தலையில் முக்காடு. புகைக்காகப் புடவைத் தலைப்பைத் தன் மேலும் குழந்தையின் மேலும் வங்காளிகளைப்போல இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என் பெண்டாட்டியை நான் அடையாளம் தெரியாமல் போகவிட்டிருக்கிறேன். அவளைக் கண்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ராஜம் என்னிடம் ஒன்று கேட்டாள். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தொழில் பழக்கம்.

கேபினும் மாடியும் கூரையில் பாதியும் போயின. ரஹீமுக்குப் புருவமும் தாடியும் கருகின. அவனை இழுத்து வெளியே போட்ட நிவாரண் பாபுவுக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது. அப்புறம் அவர் அந்த மூங்கில் குச்சியைப் பிடிக்க முடிந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கைகளை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். படத்தில் பால் எங்கே வருகிறது, இல்லாததையெல்லாம் எப்படிச் சொல்லலாம் என்று என்னைக் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். வீட்டில் நான் சும்மா இருக்கவில்லை. எத்தனை சாமர்த்தியமாக நெருப்பை மறைத்தேன், மாடியில் ஒருத்திக்கும் சந்தேகம் வராமல் எப்படி இறக்கினேன் என்று விசாலத்திடம் அளந்துகொண்டிருந்தேன். அவள் ராஜத்தின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்களுக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். பலகை இடுக்கிலே செகப்பாத் தெரிஞ்சுது. சுவர் சுட்டுது, அதைத் தொட்டுண்டுதானே இறங்கினோம்."

ஏன் யாரும் கத்தவில்லை என்று கேட்டேன்.

"கத்தினா நீங்க கதையை விட்டுட்டு மேலே ஓடி வந்திருப்பேள். உங்களைப் பார்த்துட்டு அத்தனை ஆம்பளைகளும் ஓடி வந்திருப்பா. அதான் நான் படி முனையிலே நின்னுண்டு, மூச்சு விடப்படாதுன்னு ஒவ்வொருத்தரையா இறக்கிவிட்டேன்."

ஓடித்தான் வந்திருப்பேன். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொட்டகையையே ஆட்டி வைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்குக்குப் பின்னால் எனக்குத் தெரியாமல் அத்தனை பெண்கள் அதே ரகசியத்தை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, வாய்விட்டு அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ரகசியத்தைக் கேட்கிறவன் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடிகிற வேளையில் சொல்லுங்கள் என்று அந்த இளைஞர்களிடம் சொன்னேன். வழி அடைத்திருக்கும்போது சொல்லாதீர்கள். வழி திறந்த பிறகு ஒரு நொடியும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சந்நியாசி தகப்பனார் என்று தெரிந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று யோசியுங்கள், இடம் தானாகத் தெரியும் என்றேன். மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், அதையும் மறக்க வேண்டாம் என்றேன். அவர்களுக்கு எவ்வளவு பிடிபட்டதோ தெரியாது. காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவ்வளவு புகையில் நாலு வயதுக் குழந்தையை எப்படி அழாமல் வைத்திருந்தாய் என்று நான் விசாலத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன். 'அப்பா கதை சொல்றா, கேளு' என்று மட்டும்தான் சொன்னாளாம். ராஜமும் தலைப்புக்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு, சூட்டையும் புகையையும் தாண்டி, படி முழுக்க என் குரலைக் கேட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறாள். முடிவைக் கேட்பதற்குள் அவர்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்ததும் தலைப்பை விலக்கிக்கொண்டு அதைத்தான் கேட்டாள்.

"அந்த மாமி செத்துப்போயிட்டாளாப்பா, இருக்காளா?"

நான் விசாலத்தை நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் கரி.

"இருக்காம்மா" என்றேன். "இருக்கா."